ஆறு உலகப் பட்டங்களும் ஒரே ஒரு ஒலிம்பிக் வெண்கலமும்: மேரி கோமின் கணக்கு

கேள்வி இதுதான்: உலகச் சாம்பியன் போட்டியில் ஆறு முறை தங்கம் வென்ற மேரி கோமால் ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலத்துக்கு மேல் ஏன் வெல்ல முடியவில்லை? இதைக் கேட்பவர்களில் சிலர், பெண்கள் குத்துச்சண்டையில் அதிகம் பேர் இல்லாத காலத்தில் கிடைத்த பட்டங்கள்தானே அவை என்றும் சேர்த்துச் சொல்வதுண்டு. என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் உலகை வென்ற எடைப்பிரிவுகள் எவையும் ஒலிம்பிக்கில் இல்லை. பெண்களுக்கு ஒலிம்பிக் கதவு திறந்தபோது அவருக்கு 30 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதவுக்குள் நுழைய அவர் தன் உடலுக்குப் பொருந்தாத ஒரு பிரிவில் ஏற வேண்டியிருந்தது. மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடியான காரணங்களே.

மணிப்பூரின் சுராசாந்த்பூர் மாவட்டத்தில் உள்ள காங்கதேய் என்னும் சிற்றூரில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளி நாட்களில் ஓட்டமும் ஈட்டி எறிதலுமே அவருடைய விளையாட்டுகளாக இருந்தன. 1998ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வென்றபின், அம்மாநிலத்து இளைஞர்கள் பலரைப் போல மேரியும் கையுறை அணியத் தொடங்கினார். இம்பாலில் பயிற்சி பெற்றபோது வீட்டுக்குச் சொல்லவில்லை; மாநிலச் சாம்பியன் பட்டம் வென்ற மகளின் படம் செய்தித்தாளில் வந்த பிறகே தந்தைக்கு விஷயம் தெரிந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. இந்தப் பகுதி ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் இதற்கு மேல் விரிக்கவில்லை. நம் கேள்விக்கான விடை வளையத்துக்குள்ளும் எடை பார்க்கும் மேடையிலும்தான் இருக்கிறது.

பெண்களுக்கான உலகச் சாம்பியன் போட்டி முதன்முதலில் நடந்ததே 2001இல்தான். அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் நகரில் நடந்த அந்தப் போட்டியில் மேரி 48 கிலோ பிரிவில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு துருக்கியின் அண்டால்யாவில் 45 கிலோ பிரிவில் தங்கம். பிறகு 2005இல் ரஷ்யாவின் பொடோல்ஸ்க், 2006இல் புது தில்லி, 2008இல் சீனாவின் நிங்போ ஆகிய மூன்று இடங்களிலும் 46 கிலோ பிரிவில் தங்கம். 2010இல் எடைப்பிரிவுகளைக் குறைத்து மாற்றியமைத்தபோது மிகக் குறைந்த பிரிவு 48 கிலோ ஆனது. பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில் அந்தப் பிரிவிலும் தங்கம் வென்றார். ஸ்க்ராண்டன் முதல் பிரிட்ஜ்டவுன் வரை நடந்த ஆறு உலகப் போட்டிகளில் அவர் பதக்கமில்லாமல் திரும்பிய போட்டி ஒன்றுகூட இல்லை. 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த ஒருவர் 2008இல் உலகப் பட்டம் வென்றதைத்தான் இந்த வரிசையில் நான் முதலாவதாக வைப்பேன். பிரசவத்துக்குப் பின் ஓராண்டு இடைவெளியில் 46 கிலோவுக்கு உடலைக் கொண்டுவருவது ஒரு வேலை. அந்த எடையில் மூச்சு வாங்காமல் நான்கு சுற்று சண்டையிடுவது வேறொரு வேலை.

அந்தக் காலத்தில் போட்டி உண்மையிலேயே குறைவாக இருந்ததா என்று கேட்டால், ஓரளவு ஆமாம் என்பதே நேர்மையான பதில். ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுக்குப் பெரும்பாலான நாடுகள் பணம் ஒதுக்குவதில்லை. அதிலும் 45, 46 கிலோ போன்ற மிகச் சிறிய பிரிவுகளுக்கு வீராங்கனைகளை அனுப்பிய நாடுகள் குறைவு. 2006, 2008, 2010 ஆகிய மூன்று உலகப் போட்டிகளின் இறுதிச் சுற்றிலும் மேரியை எதிர்கொண்டவர் ருமேனியாவின் ஸ்டெலுட்டா டுட்டா என்ற ஒரே வீராங்கனை என்பது அந்தப் பிரிவின் உச்சியில் நெரிசல் எவ்வளவு குறைவு என்பதற்குச் சான்று. ஆனால் இதே வாதத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். மற்ற நாடுகளுக்குப் பணம் இல்லை என்றால் இந்தியாவிலும் அப்போது பெண்கள் குத்துச்சண்டைக்குப் பணமோ பெயரோ இருக்கவில்லை. சீனாவும் ரஷ்யாவும் வட கொரியாவும் வலுவான அணிகளோடு வந்துகொண்டிருந்த காலமும் அதுவே. கூட்டம் குறைவாக இருந்தது என்பதற்காக, எட்டாண்டு இடைவெளியில் நடந்த ஐந்து உலகப் போட்டிகளிலும் முதலிடத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்ததை எளிதாகக் கிடைத்தது என்று தள்ளிவிட முடியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 2009 ஆகஸ்டில் பெர்லினில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாகக் குழு, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்க்க முடிவெடுத்தது. மேரி பல ஆண்டுகளாகக் காத்திருந்த செய்தி அது. ஆனால் சேர்க்கப்பட்டவை மூன்றே பிரிவுகள்: 51 கிலோ, 60 கிலோ, 75 கிலோ. பிரிவுக்கு 12 பேர் வீதம் மொத்தம் 36 வீராங்கனைகள். உலகச் சாம்பியன் போட்டியில் 10 பிரிவுகளாகப் பிரிந்திருந்தவர்கள் அனைவரும் இந்த மூன்று பிரிவுகளுக்குள் தங்களைத் திணித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே லண்டனில் ஆண்களுக்கு 10 பிரிவுகள் இருந்தன; அவற்றில் மிகக் குறைந்தது 49 கிலோ. மேரியின் மாநிலத்தைச் சேர்ந்த தேவேந்திரோ சிங் அந்த 49 கிலோ பிரிவில் காலிறுதி வரை சென்றார். அதாவது, மணிப்பூரிலிருந்து ஒரு சிறிய உடல்வாகு கொண்ட ஆண் தன் எடையிலேயே ஒலிம்பிக் வளையத்தில் ஏற முடிந்தது. அவரைவிட மெலிந்த ஒரு பெண் அவரைவிட அதிக எடைப்பிரிவில் ஏற வேண்டியிருந்தது. ஆண்களுக்கு இப்படியொரு சிறு பிரிவு 1968ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக்கிலிருந்தே இருந்துவந்தது என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

குத்துச்சண்டைக்கு வெளியே இருப்பவர்களுக்கு 46 கிலோவுக்கும் 51 கிலோவுக்கும் இடையிலான வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 60 கிலோ எடையுள்ள ஒரு வீரரை 66 கிலோ வீரரோடு மோதவிட யாரும் சம்மதிக்கமாட்டார்கள். அளவில் அதற்கு இணையானதுதான் இது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பொதுவாக 51 கிலோ பிரிவில் சண்டையிடுபவர்கள் இயல்பில் 51 கிலோ உள்ளவர்கள் அல்லர். 53 அல்லது 54 கிலோ எடையுள்ளவர்கள் உணவையும் நீரையும் கட்டுப்படுத்தி, எலும்பின் அகலத்தையும் கையின் நீளத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறார்கள். மேரியின் நிலைமை இதற்கு நேர்மாறானது; மற்றவர்கள் பட்டினி கிடந்து எட்டுகிற எடையை அவர் சாப்பிட்டு எட்ட வேண்டியிருந்தது. இப்படி ஏற்றிய எடை உயரத்தைத் தராது, கையை நீட்டித் தராது. சுமார் 158 சென்டிமீட்டர் உயரமுள்ள அவருக்கு, எதிராளியின் நேர்க்குத்து எட்டும் தூரத்தில் தன் குத்து எட்டாது.

ஆகவே அவர் தன் சண்டை முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இடக்கை நிலையில் நின்று சண்டையிடும் அவருடைய பலம், சட்டென்று உள்ளே பாய்ந்து இரண்டு மூன்று குத்துகளை இறக்கிவிட்டு எதிராளி திரும்பி அடிப்பதற்குள் வெளியே வந்துவிடும் வேகம். சிறிய பிரிவுகளில் இந்த வேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது. 51 கிலோவில் உள்ளே நுழைவதற்கே ஒரு குத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது இன்னொன்றை. லண்டனுக்கு முந்தைய மாதங்களில் தன்னைவிட உயரமும் எடையும் கூடிய ஆண் வீரர்களோடு அவர் பயிற்சிச் சண்டை செய்ததற்குக் காரணம் இதுதான்.

புதிய எடையில் அவருக்குக் கிடைத்த முடிவுகளை வரிசையாகப் பார்த்தால் இந்தச் சிரமம் எவ்வளவு என்று தெரியும். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் சீனாவின் ரென் சான்சானிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். 2012 மார்ச்சில் மங்கோலியாவின் உலான்பாதரில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியின் இறுதியில் அதே ரென் சான்சானைத் தோற்கடித்தார். உலகச் சாம்பியனான ஒருவரை அவருடைய எடையிலேயே வீழ்த்திய இந்த வெற்றிக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். இரண்டு மாதங்கள் கழித்துச் சீனாவின் சின்ஹுவாங்தாவில் நடந்த உலகப் போட்டியின் காலிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்றார். உலகப் போட்டிகளில் அவர் பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதல் முறை. ஆயினும் ஆசியக் கண்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஒலிம்பிக் இடம் அவருக்கு அமைந்தது.

லண்டனில் முதல் சண்டையில் எதிரே நின்ற போலந்தின் கரோலினா மிகால்ச்சுக், 2008இல் 54 கிலோ பிரிவின் உலகச் சாம்பியன். ஒருவர் மேலே ஏறி வந்தவர், மற்றவர் கீழே இறங்கி வந்தவர். அந்தச் சண்டையை 19-14 என்ற புள்ளிக் கணக்கில் மேரி வென்றார். அடுத்து துனிசியாவின் மரூவா ரஹாலியை 15-6 என்று வென்றதும் வெண்கலம் உறுதியாயிற்று. குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் உண்டு. அரையிறுதியில் மீண்டும் ஆடம்ஸ். இரண்டு நிமிடம் வீதம் நான்கு சுற்றுகளில் ஆடம்ஸ் செய்தது ஒன்றே: மேரி உள்ளே பாயக் காத்திருந்து, பாய்ந்த கணத்தில் ஒரு அடி பின்வாங்கி, வெறும் காற்றில் குத்திவிட்டு நிலை திரும்பும் அவரை நீண்ட கையால் எட்டிப் பிடித்தார். முடிவு 11-6. ஆடம்ஸ் இறுதியில் ரென் சான்சானையும் வீழ்த்தி, பெண்கள் குத்துச்சண்டையின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். நான்காண்டு கழித்து ரியோவிலும் வென்றார். தோற்றது யாரிடம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், இயல்பான எடையைவிடக் கூடிய பிரிவில் பெற்ற அந்த வெண்கலத்தை, 2002இல் 45 கிலோவில் பெற்ற தங்கத்தைவிட உயர்வாகவே நான் மதிப்பிடுவேன்.

அடுத்த நான்காண்டுகள் ஏற்றமும் இறக்கமுமாகச் சென்றன. 2013இல் மூன்றாவது மகன் பிறந்தான். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 51 கிலோவில் தங்கம் வென்று, அப்போட்டியில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அதே ஆண்டில் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கான தேர்வுச் சண்டையில் பிங்கி ஜாங்ராவிடம் தோற்று வாய்ப்பை இழந்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ரியோவுக்கான தகுதிச் சுற்றாக அமைந்த 2016 அஸ்தானா உலகப் போட்டியில் ஜெர்மனியின் அஸிஸே நிமானியிடம் இரண்டாவது சுற்றிலேயே தோற்றார். சிறப்பு அனுமதி கேட்டு இந்தியத் தரப்பு விண்ணப்பித்தும் ஒலிம்பிக் கமிட்டி மறுத்துவிட்டது. ரியோவில் இந்தியாவின் சார்பில் ஒரு பெண் குத்துச்சண்டை வீராங்கனைகூட இல்லை.

அந்த ஆண்டிலேயே மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்றுவிட்டதால், வளையத்தைவிட்டு விலகிவிடுவார் என்றே பலரும் நினைத்தார்கள். அவர் விலகாமல், 48 கிலோவுக்குத் திரும்பினார். இந்த வாழ்க்கைக் கதையில் எனக்கு மிகவும் தெளிவான சான்றாகத் தெரிவது இந்தத் திருப்பம்தான். 2017இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் ஆசியத் தங்கம், 2018 ஏப்ரலில் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தங்கம், அதே நவம்பரில் புது தில்லியில் உலகச் சாம்பியன் போட்டியில் உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை 5-0 என வென்று ஆறாவது உலகத் தங்கம். வயது 35ஐத் தாண்டியிருந்தது. எதிராளிக்கு அவர் வயதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்து பட்டங்களோடு இருந்த அயர்லாந்தின் கேட்டி டெய்லரை அவர் முந்தினார். ஆண்களில் கியூபாவின் ஃபெலிக்ஸ் சவோன் மட்டுமே அந்த எண்ணிக்கைக்கு இணை. 2016 வரை 51 கிலோவில் தடுமாறிக்கொண்டிருந்த அதே உடல், மூன்று கிலோ இறங்கியதும் உலகத்தில் முதலாவதாக வந்தது. எடை ஒரு சாக்கு என்று சொல்பவர்களுக்கு இதைவிட நேரடியான மறுமொழி இல்லை.

எடை இறக்குவதும் வலியில்லாத காரியமன்று. 2018 செப்டம்பரில் போலந்தின் கிலிவிட்ஸே நகரில் ஒரு போட்டிக்காக அதிகாலை மூன்று மணியளவில் போய் இறங்கியபோது அவருடைய எடை 48 கிலோவுக்கு மேல் இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. காலை ஏழரைக்கு எடை பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் நிற்காமல் கயிறு தாண்டி அந்த இரண்டு கிலோவையும் வியர்வையாக வெளியேற்றிவிட்டு, எடை மேடையில் ஏறி, அந்தப் போட்டியில் தங்கமும் வென்றார். தொழில்முறைச் சண்டைகளில் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவதால், இழந்த நீரை மீட்டுக்கொள்ள ஓர் இரவு கிடைக்கும். அமெச்சூர் போட்டிகளில் சண்டை நடக்கும் நாளின் காலையிலேயே எடை பார்ப்பார்கள். அடுத்த சுற்றுக்கு முன்னேறினால் அந்த நாளிலும் மீண்டும் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் நான்கைந்து முறை இந்தச் சோதனையைக் கடக்க வேண்டும் என்பது, தொழில்முறைக் குத்துச்சண்டையை மட்டும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத விஷயம்.

ஆனால் டோக்கியோவிலும் பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவு 51 கிலோதான். பிரிவுகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்தும், கூட்டியவை எல்லாம் மேலே இருந்தவை. ஆகவே மறுபடியும் ஏற்றம். 2019இல் ரஷ்யாவின் உலான் உதே உலகப் போட்டியின் காலிறுதியில், ரியோவில் வெண்கலம் வென்றிருந்த கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவை 5-0 என வீழ்த்தினார். அரையிறுதியில் துருக்கியின் புஸெனாஸ் சாகிரோலுவிடம் தோற்று வெண்கலம் பெற்றார். உலகப் போட்டிகளில் அது அவருடைய எட்டாவது பதக்கம். அந்தப் பதக்கத்தை வைத்துத் தேர்வுச் சண்டையின்றியே அவரை ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு அனுப்பும் எண்ணம் எழுந்தபோது, இளம் வீராங்கனை நிகத் ஸரீன் வெளிப்படையாக எதிர்த்து, விளையாட்டு அமைச்சருக்கே கடிதம் எழுதினார். நிகத் கேட்டது நியாயமே. எவ்வளவு பெரிய பெயரானாலும் தேர்வு வளையத்தில்தான் நடக்க வேண்டும். டிசம்பரில் நடந்த சண்டையில் மேரி 9-1 என வென்றார். சண்டை முடிந்தபின் அவர் கைகுலுக்க மறுத்ததை அவருடைய ரசிகர்களாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

டோக்கியோவில் முதல் சண்டையில் டொமினிக்கன் குடியரசின் மிகெலினா ஹெர்னாண்டஸை 4-1 என வென்ற பிறகு, 2021 ஜூலை 29 அன்று எதிரே வந்தவர் அதே வலென்சியா. அந்தச் சண்டையின் முடிவைப் பற்றி இன்றும் குழப்பம் நிலவுவதால் கணக்கைச் சற்று விளக்குகிறேன். லண்டன் காலத்தில் விழுந்த குத்துகளைப் பொத்தான் அழுத்தி எண்ணினார்கள். டோக்கியோவில் ஐந்து நடுவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் தமக்கு மேலாகத் தோன்றியவருக்கு 10 புள்ளியும் மற்றவருக்குப் பெரும்பாலும் 9 புள்ளியும் அளித்தார்கள். மூன்று சுற்றுகளின் கூட்டுத்தொகையில் எத்தனை நடுவர்களிடம் முந்துகிறார் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். முதல் சுற்றை ஐவரில் நால்வர் வலென்சியாவுக்குக் கொடுத்தார்கள். இரண்டாம், மூன்றாம் சுற்றுகளை மூவர் மேரிக்குக் கொடுத்தார்கள். மூன்றில் இரண்டு சுற்றுகளை வென்றவர் எப்படித் தோற்க முடியும் என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. முதல் சுற்றை வலென்சியாவுக்குக் கொடுத்த ஒரு நடுவரின் தாளில் மேரி வெல்ல வேண்டுமானால், அதே நடுவர் அடுத்த இரண்டு சுற்றுகளையும் மேரிக்கே கொடுத்திருக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் மேரியை ஆதரித்த மூவரும் மூன்றாம் சுற்றில் ஆதரித்த மூவரும் ஒரே மூவர் அல்லர் என்பதால், கடைசிக் கணக்கில் இருவரின் தாள்களே அவர் பக்கம் நின்றன. 2-3 என்று தோற்றார். தாம் வென்றுவிட்டதாகவே நினைத்திருந்ததாக அவர் பின்னர் சொன்னார். அவர் அப்படி நினைத்ததிலும் வியப்பில்லை. ஆனால் அந்தச் சண்டையில் அவர் இழந்தது முதல் மூன்று நிமிடங்களில்தான், நடுவர்களின் அறையில் அன்று. 38 வயதில், மெதுவாகத் தொடங்கி எதிராளியைப் படித்துவிட்டுப் பின்னர் வேகம் கூட்டும் பழக்கம், மூன்றே சுற்றுகள் கொண்ட முறையில் விலை அதிகமானதாகிவிட்டது. முந்தைய நான்கு சுற்று முறையில் அந்தப் பழக்கத்துக்கு இடம் இருந்தது.

அதன்பின் 2022 ஜூனில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கான தேர்வில் மீண்டும் 48 கிலோ பிரிவில் இறங்கி, நீத்து கங்காஸுக்கு எதிரான சண்டையின் முதல் சுற்றிலேயே முழங்காலில் காயமடைந்து வெளியேறினார். பர்மிங்ஹாமில் அந்தப் பிரிவின் தங்கத்தை நீத்து வென்று வந்தார். சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் பங்கேற்க விதி இடம் தருவதில்லை என்பதால் 2024 பாரிஸ் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. பாரிஸில் பெண்களுக்கான பிரிவுகள் ஆறாக உயர்ந்தபோது, மிகக் குறைந்த பிரிவு 50 கிலோவாக ஆனது. மேரி ஆறு முறை உலகை வென்ற 45, 46, 48 கிலோ பிரிவுகளில் எதிலும் பெண்களுக்கு இதுவரை ஒலிம்பிக் பதக்கம் வழங்கப்பட்டதில்லை.